சிங்கம் நிற்க வேண்டிய இடம்

எழிலரசி சொன்ன பொய் ஒரே வார்த்தைதான். "வரும்" என்றாள்.

மாரண்டஹள்ளியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற அந்தத் தொடக்கப் பள்ளிக்கு அவள் வந்தது பட்டி பார்க்க. எட்டு வருடமாக அவளுக்குப் பெயின்ட் வேலை. சுவரைத் தேய்ப்பாள், விரிசலில் பட்டி அப்புவாள், பிரைமர் அடிப்பாள், அதன்மேல் இரண்டு கோட் எமல்ஷன். படம் வரைய பாலக்கோட்டிலிருந்து ஒரு ஆர்ட்டிஸ்ட் வருவதாக ஏற்பாடு. அவர் ஓசூரில் ஏதோ ஓட்டல் வேலை பெரிதாகக் கிடைத்துவிட்டதென்று, காலையில் போனில் கையை விரித்துவிட்டார்.

தலைமையாசிரியை ஜானகியம்மாள் வெள்ளை காய்ந்த சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தவளிடம், பேச்சுத் துணைக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஏம்மா, உனக்குப் படம் போட வருமா?"

எழிலரசி சின்ன வயதில் கோலம் போட்டிருக்கிறாள். கல்யாண வீட்டு வாசலில் ஒரு தடவை மயில் போட்டு, ஊரே பார்த்தது. அதற்கப்புறம் வரைந்ததில்லை. ஆனால் அந்த நூற்றிருபது அடி வெள்ளைச் சுவரை மூன்று நாள் தேய்த்தவள் அவள்தான். இன்னொருவர் வந்து அதில் பிரஷ் வைப்பதை நினைக்க அவளுக்கு எப்படியோ இருந்தது.

"வருங்க டீச்சர்" என்றாள்.

ஜானகியம்மாளுக்கு நிம்மதி. உடனே அறிவியல் டீச்சர் மோனிஷாவைக் கூப்பிட்டார். மோனிஷா தர்மபுரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அவள் ஒரு நோட்டோடு ஓடிவந்தாள்.

"அக்கா, இது வெறும் மிருகப் படம் இல்ல. ஓட்டப்பந்தயம். கேட்டுலேர்ந்து அந்த மூலை வரைக்கும் அடி அடியா கோடு போடறோம். ஒரு அடின்னா ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோமீட்டர் வேகம். எந்த மிருகம் எவ்ளோ வேகமா ஓடுமோ, அதோட மூக்கு அத்தனையாவது அடியைத் தொடணும். பிள்ளைங்க சுவத்துப் பக்கம் நடந்தாலே கணக்கும் வந்துரும், அறிவியலும் வந்துரும்."

நோட்டில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாள். ஆமைக்கு ஒரு அடிகூடக் கிடையாது. கோழிக்குப் பதினாலு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இருபது. யானைக்கு இருபத்தைந்து.

"யானை பிள்ளைங்கள முந்திருமா?" என்றாள் எழிலரசி.

"முந்திரும். அதனாலதான் ராகிக் காட்டுக்கு வந்தா ஓடித் தப்பிக்கலாம்னு நினைக்கக் கூடாது."

நாய்க்கு நாற்பத்தைந்து, ஓநாய்க்கு அறுபது, புள்ளிமானுக்கு அறுபத்தைந்து, குதிரைக்கு எழுபது. எண்பதில் வெளிமானும் சிங்கமும். கடைசியில் நூற்றுப்பத்தில் சிவிங்கி.

"சிறுத்தைங்களா?"

"சிறுத்தை வேறக்கா. அது மரம் ஏறும், ஓட்டத்துல சிங்கத்தைவிடக் கம்மி. சிவிங்கிக்கு உடம்பு ஒல்லி, கண்ணுலேர்ந்து வாய் வரைக்கும் கறுப்புக் கோடு இருக்கும். உலகத்துல தரையில ஓடறதுல அதுதான் முதல்."

அந்த நேரத்தில்தான் பச்சியப்பன் புல்லட்டில் வந்து இறங்கினார். தக்காளி பயிரிடுகிற பெரிய விவசாயி. பெயின்ட் டப்பா மொத்தமும் அவர் வாங்கிக் கொடுத்தது. முப்பது வருடத்துக்கு முன்பு ஜில்லா முழுக்கக் கபடி ஆடியவர். பனியன் முதுகில் அப்போது சிங்கம் போட்டிருப்பாராம். இப்போதும் ஊரில் பாதிப் பேர் அவரைச் 'சிங்கம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"எல்லாம் போடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். சிங்கம் மொதல்ல நிக்கணும்" என்றார். பதிலுக்குக் காத்திராமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மோனிஷா நோட்டை மூடினாள். "அப்பறம் பேசிக்கலாங்கக்கா. நீங்க ஆமையிலேர்ந்து ஆரம்பிங்க."

ஆமை எளிதாக வந்தது. கோழி அதைவிட எளிது. தினமும் பார்க்கிற கோழி. யானையை எழிலரசி இரண்டு தடவை ஊர் எல்லையில் பார்த்திருக்கிறாள். தும்பிக்கை நுனி இருபத்தைந்தாவது அடியைத் தொட, அதன் வாலுக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை ரெட்டைச் சடையோடு ஓடுவதாகப் போட்டாள். பிள்ளைகள் இடைவேளையில் வந்து வேடிக்கை பார்த்து, நாய்க்குக் காது இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும் என்று யோசனை சொன்னார்கள். சொன்னது சரியாகவே இருந்தது. ஓநாய்க்கும் மானுக்கும் குதிரைக்கும் சிவிங்கிக்கும் மோனிஷாவின் போன் உதவியது.

சிங்கம்தான் வரவில்லை.

வீட்டில் அட்டைப் பெட்டியைக் கிழித்து ஏழெட்டுத் தடவை போட்டுப் பார்த்தாள். அவள் புருஷன் சின்னராஜ் ஓசூர் மார்க்கெட்டுக்குத் தக்காளி டெம்போ ஓட்டுகிறவன். சாப்பிட்டுவிட்டு வந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"இது எங்க பெரியப்பா" என்றான். அடுத்ததை எடுத்தான். "இது தாடி எடுத்த பெரியப்பா."

"சிரிக்காத மாமா. கோயில்ல இருக்கற சிங்கம், காலண்டர்ல இருக்கற சிங்கம் எல்லாம் பாத்துட்டேன். மொகம் வருது. ஒடம்பு வரமாட்டேங்குது. யானையை நேர்ல பாத்தேன், வந்துருச்சு. இதை நான் எங்க போயிப் பாக்கறது?"

சின்னராஜ் அட்டையைக் கீழே வைத்தான். "லோடு எறக்குனதும் நாளைக்கு எனக்கு வேலை இல்ல. ஓசூர்லேர்ந்து பன்னர்கட்டா ஜூ பக்கந்தான். வா, போயிப் பாத்துட்டு வரலாம்."

அப்படித்தான் மறுநாள் அவர்கள் கம்பி வலை போட்ட சஃபாரி பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எழிலரசியின் மடியில் மோனிஷா கொடுத்த நோட்டு. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில், கோயிலுக்கு என்று இல்லாமல் ஒரு ஊருக்கு இருவரும் சேர்ந்து போவது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் யாரோ ஒரு குடும்பம் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தது. இரட்டைக் கேட் திறந்து மூடியது.

முதலில் புலி. ஒற்றைப் புலி, குட்டையோரம் தனியாக நடந்தது. பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது போன பாதையில் வேறு எந்தப் புலியும் இல்லை.

அடுத்த கேட்டைத் தாண்டியதும் சிங்கம். ஒன்றல்ல. ஒரு மரத்து நிழலில் மூன்று பெண் சிங்கமும் ஓர் ஆண் சிங்கமும் ஒன்றின்மேல் ஒன்று காலைப் போட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே பாயில் படுத்த குடும்பம்போலக் கிடந்தன. ஆண் சிங்கம் மல்லாந்து கிடந்தது. நாலு காலும் மேலே. வயிறு ஏறி இறங்கியது.

பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். சிங்கம் அசையவில்லை. டிரைவர் கன்னடத்தில் சொன்னார்: "தினா இப்பத்து கண்டெ மலகுத்தே." எழிலரசியின் அம்மா ஊரில் பாதித் தெரு கன்னடம் பேசும். அவளுக்குப் புரிந்தது.

"ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் தூங்குமாம்" என்று சின்னராஜிடம் சொன்னாள்.

"மீதி நாலு மணி நேரம்?"

"ரெஸ்ட் எடுக்கும்போல."

சின்னராஜ் சிரித்ததில் சிப்ஸ் குடும்பமும் சேர்ந்து சிரித்தது.

அப்போது பெண் சிங்கம் ஒன்று எழுந்தது. எழிலரசியின் பென்சில் நின்றுவிட்டது. அது உடம்பை நீட்டி முறித்தது. முன்காலை முன்னால் வைத்து இடுப்பைத் தூக்கியபோது தோள் எலும்பு இரண்டும் முதுகுக்கு மேலே ஏறி, நடக்க நடக்க மாறி மாறி இறங்கின. அதுவரை அவள் போட்ட எல்லாச் சிங்கத்துக்கும் குதிரையின் தோள். தப்பு அங்கேதான் இருந்தது. பெண் சிங்கம் நேராகப் போய் இன்னொன்றின் கன்னத்தில் தன் கன்னத்தைத் தேய்த்தது. அது கண்ணைத் திறக்காமலே பதிலுக்குத் தேய்த்தது. பிறகு ஆண் சிங்கத்தின் வயிற்றில் தலையைச் சாய்த்து இதுவும் படுத்துக்கொண்டது.

எழிலரசி பக்கம் பக்கமாக வரைந்தாள். பஸ் நகர்ந்தபோதும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வரைந்தாள். திரும்பி வருகிற வழியில் டெம்போவை ஓரம் நிறுத்தி, சின்னராஜ் நோட்டை வாங்கிப் பார்த்தான்.

"பெரியப்பா போயிட்டாரு. இது சிங்கம்" என்றான்.

மறுநாள் பள்ளியில் நோட்டைப் பார்த்த மோனிஷாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பெண் சிங்கத்தையே ஓடறதா போடுங்கக்கா. பெரும்பாலும் வேட்டையாடறது அதுங்கதான். பிடரி கிடையாது, உடம்பு லேசு. ஆம்பளைச் சிங்கம் இடத்தைக் காவல் காக்கும், வேற சிங்கம் வந்தா சண்டை போடும். பெரிய எருமை மாதிரின்னா அதுவும் வேட்டைக்கு வரும்."

"அப்ப இந்தத் தூங்கறவரை என்னா பண்றது மிஸ்? இவருதான் ரொம்ப நல்லா வந்திருக்காரு."

மோனிஷா படத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். "தூங்கறப்ப வேகம் எவ்ளோக்கா?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப பூஜ்ஜியத்துல போடுங்க."

எழிலரசி போட்டாள். எண்பதாவது அடியில் வெளிமானும் பெண் சிங்கமும் மூக்கோடு மூக்காக ஓடின. கேட்டை ஒட்டி, ஆமைக்கும் பின்னால், பூஜ்ஜியம் என்று எழுதிய இடத்தில் பெரிய பிடரியோடு ஆண் சிங்கம் நாலு காலையும் தூக்கிக்கொண்டு தூங்கியது. பள்ளிக்குள் நுழைகிற பிள்ளைகள் எல்லாரும் அதன் வயிற்றைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ஒரே நாளில் அந்த இடம் கொஞ்சம் அழுக்கானது.

வெள்ளிக்கிழமை மாலை, விளையாட்டு வகுப்பு நேரத்தில் புல்லட் சத்தம் கேட்டது.

பச்சியப்பன் கேட்டிலேயே நின்றார். சிங்கத்தைப் பார்த்தார். ஆமையைப் பார்த்தார். மறுபடி சிங்கத்தைப் பார்த்தார்.

"ஏம்மா எழிலு, செத்துப் போச்சா இது?"

"இல்லீங்கண்ணா. தூங்குது."

"ஆமைக்குப் பின்னாடியா?"

ஜானகியம்மாள் அறையிலிருந்து வேகமாக வந்தார். மோனிஷா பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தாள். பச்சியப்பன் கோபமாகப் பேசவில்லை. மனசு வருத்தப்பட்ட குரலில்தான் பேசினார்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான கேட்டேன் டீச்சரம்மா. சிங்கம் மொதல்ல நிக்கணும்னேன். ராஜாங்க அது. அங்க பாத்தா மானுகூட சரிசமமா ஓடுது, அதுவும் பொட்டச் சிங்கம். அதுக்கும் முன்னாடி ஏதோ கண்ணுல கோடு போட்ட நோஞ்சான் புலி. மானைப் புடிக்க முடியாத சிங்கம் என்னா சிங்கம்?"

"புடிக்குங்கய்யா" என்றாள் மோனிஷா. "ஆனா ஓடி ஜெயிக்காது. அந்த எண்பதுகூடக் கொஞ்ச தூரந்தான். அதுக்கப்பறம் மூச்சு வாங்கிரும். நாலஞ்சு தடவை முயற்சி பண்ணா ஒரு தடவைதான் சாப்பாடு. தனியா போனா அதுவும் கஷ்டம்."

"அப்பறம் எப்புடி ராஜா?"

மோனிஷா மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாள். பெண்பிள்ளைகள் ஆறு பேர் கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றிருந்தார்கள்.

"ஐயா, நீங்க கபடி ஆடுனவரு. சொன்னா புரியாது, ஆடுனா புரியும். நீங்க மான். எங்க பிள்ளைங்க சிங்கம். வரீங்களா?"

ஜானகியம்மாள் "மோனிஷா" என்று மெதுவாக அதட்டினார். ஆனால் பச்சியப்பன் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஐம்பத்து நாலு வயது. வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டினார். பிள்ளைகள் 'ஓ' என்று கத்தினார்கள்.

முதலில் தேவிப்பிரியா தனியாகத் துரத்தினாள். ஐந்தாம் வகுப்பு, ஒன்றிய அளவில் ஓட்டத்தில் பரிசு வாங்கியவள். பச்சியப்பனைவிட அவள் வேகம் அதிகம் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் கிட்டே வருகிற நேரம் அவர் ஒரு காலை ஊன்றி இந்தப் பக்கம் திரும்புவார். அவள் அந்தப் பக்கம் போய்விடுவாள். முப்பது வருடம் ஆனாலும் கால் மறக்கவில்லை. நாலாவது தடவை அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

பச்சியப்பன் மூச்சிரைக்கச் சிரித்தார். "பாத்தீங்களா?"

"பாத்தோம். இப்ப ஆறு பேரும் வராங்க" என்றாள் மோனிஷா.

ஆறு பேரும் தலையைக் கூட்டி ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு கலைந்தார்கள். வெண்மதி என்கிற குட்டிப்பெண்ணும் இன்னொருத்தியும் மட்டும் நேராக, அவசரமே இல்லாமல், அவரைப் பார்த்து நடந்து வந்தார்கள். அவர் பின்னால் நகர்ந்தார். அவர்கள் ஓடத் தொடங்கியதும் அவரும் ஓடினார். அவருக்குத் தெரிந்த தந்திரம்தான்; வேப்பமரத்துப் பக்கம் போய்த் திரும்பலாம் என்று போனார். மரத்துக்குப் பின்னாலிருந்து மூன்று பேர் எழுந்தார்கள். சட்டென்று தண்ணித் தொட்டிப் பக்கம் வெட்டினார். தொட்டிக்குப் பின்னால் வயிறு தரையில் பட, அசையாமல் குந்தியிருந்த தேவிப்பிரியாவுக்கு இப்போது மூன்று எட்டுதான் ஓட வேண்டியிருந்தது. பாய்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். மற்ற ஐந்தும் வந்து மேலே விழுந்தன.

புழுதி அடங்கியபோது பச்சியப்பன் தரையில் மல்லாந்து கிடந்தார். ஒரு பிள்ளை அவர் வயிற்றின்மேல் உட்கார்ந்திருந்தது. எழிலரசி பயந்து ஓடிப்போய்ப் பார்த்தாள். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது.

"எந்திரிங்கண்ணா. அடி பட்டுருச்சா?"

"இரும்மா. கொஞ்ச நேரம் படுத்துக்கறேன்." மூச்சை இழுத்துக்கொண்டார். "கபடியும் இதேதான. ஒருத்தனா வந்தவனுக்கெல்லாம் நான் மாட்டுனதே இல்ல. ஏழு பேரு சங்கிலி போட்டு நின்னாத்தான் புடிப்பானுங்க. ஆறு பொட்டச் சிங்கம் சேந்து என்னைய சாச்சுப்புடுச்சு."

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு மறுபடி கேட்டுக்குப் போனார். தூங்குகிற சிங்கத்தின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். எழிலரசி இரண்டடி தள்ளி நின்றாள். உள்ளங்கையை முந்தானையில் துடைத்தாள்.

"இருக்கட்டும்" என்றார் கடைசியில். "கேட்டுல நொழஞ்சா இதுதான மொதல்ல இருக்குது. பிடரியை மட்டும் இன்னும் கொஞ்சம் அடர்த்தியா போட்டுரு. வயசான மாதிரி இருக்குது."

"போட்டுடறங்கண்ணா."

"அந்தப் பொட்டச் சிங்கம் தனியா ஓடுதே, பின்னாடி ரெண்டு, பக்கத்துல புதர்ல ரெண்டு போடு. பெயின்ட் பத்தலன்னா சொல்லு."

திங்கட்கிழமைக்குள் எழிலரசி அதையும் முடித்தாள். புதருக்குள் கண்ணும் காதும் மட்டும் தெரிகிற மாதிரி இரண்டு சிங்கம். பிள்ளைகளே முதலில் கண்டுபிடிக்கச் சிரமப்பட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் ஜானகியம்மாள் சுவர் முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்தார். "பேரு போடலியாம்மா?" என்றார்.

"எந்தப் பேருங்க டீச்சர்?"

"உன் பேருதான். வரைஞ்சவங்க பேரு போட வேண்டாமா?"

எட்டு வருடத்தில் எத்தனையோ வீட்டுக்கு அவள் சுண்ணாம்பு அடித்திருக்கிறாள், எத்தனையோ கடைக்குப் பெயின்ட் அடித்திருக்கிறாள். எந்தச் சுவரிலும் அவள் பெயர் இல்லை. அதற்குள் பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள்.

"எந்த அடியில மிஸ் போடறது?" என்று கேட்டாள் வெண்மதி. "அக்கா எவ்ளோ வேகம்னு தெரியாதே."

மோனிஷா போனில் ஸ்டாப்வாட்சை எடுத்தாள். மைதானத்தில் ஐம்பது மீட்டர் அளந்து கோடு போட்டார்கள். எழிலரசி எவ்வளவோ மறுத்தாள். சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருந்த சின்னராஜ் டெம்போவிலிருந்து இறங்கி, "ஓடு எழிலு, நான் பாக்கறேன்" என்றான். அவள் புடவையைச் சொருகிக்கொண்டு ஓடினாள். பள்ளியே கத்தியது. பாதி தூரத்தில் சிரிப்பு வந்து வேகம் குறைந்தது.

"பதிமூணு செகண்டு" என்று அறிவித்தாள் மோனிஷா. ஐந்தாம் வகுப்பு முழுக்க மணலில் உட்கார்ந்து கணக்குப் போட்டது. பதினாலு கிலோமீட்டர் என்று வந்தது.

"கோழிகூடச் சமம்" என்றாள் தேவிப்பிரியா.

எழிலரசி சின்னப் பிரஷை எடுத்துக் கறுப்பில் தோய்த்தாள். பதினாலாவது அடியில், கோழியின் அலகுக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். பிள்ளைகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக எழுதினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தங்களையும் ஓடவிட்டு அளக்கச் சொல்லி மோனிஷாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.